பூ: நாற்பத்தாறு வெள்ளி ஐம்பது காசு

தங்கச்சி, பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறாய்.
போடத்தான் வேண்டும்.
அக்டோபர் ஏழு, திரித்துவத்துக்குப் பின்வந்த ஏதோ ஒரு ஞாயிறு.
பூ என்று என் கையெழுத்து சொல்கிறது.
ரசீதோ ஜாலான் ஈப்போ ஹார்டுவேர் கடையுடையது.
அங்கே பூ விற்பதில்லை.

முப்பத்தொரு வருஷம் ரயில்வேயில்
டிக்கெட் கணக்கு முடித்தவன் நான்.
பத்துக் காசு இடித்தாலும் வீட்டுக்குப் போகமாட்டேன்.
பொய்யைச் சொன்னவர் ஆயர் அருமைநாயகம்.
எழுதியவன் நான்.

முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்:
காஜாங் சிறைக்கு டோல், மாதம் இரண்டு தடவை.
பெரிய ஆஸ்பத்திரியில் கார் நிறுத்தம்,
மறுபடி நிறுத்தம், மறுபடி.
பால்மாவு. யாருக்கென்று எழுதவில்லை.
செராஸில் குழி வெட்டிய இருவருக்கு மீகூன், தேநீர்.
பழைய சாகாவுக்கு ரேடியேட்டர்.
அவர் சம்பளம் மட்டும் மூன்று மாதம் பிந்தியிருக்கும்.
கேட்டு எழுதிய கடிதம் கோப்பில் இல்லை.

பிரசங்கம் சுமார்தான், மறைப்பானேன்.
மூன்றாவது கருத்து மறந்துபோய்க்
கண்ணாடியைத் துடைப்பார்.
பாதிச் சபை அப்போது நாசி லெமாக்கில் இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி
செந்தூல் கோயில் கேட்டில் சிவப்புச் சாயம்.
வாளியோடு வீசியிருந்தார்கள்.
கம்பி, தூண், பெயர்ப்பலகையில் பாதி எழுத்து.
பூட்டில் சொருகிய தாளில் எட்வினின் அடையாள அட்டை நகல்,
கீழே ஆலோங்காரனின் நம்பர்.
கடன் வாங்கும்போது
கோயில் முகவரியைக் கொடுத்திருந்தான், படுபாவி.

வாட்ஸ்அப்பில் செயற்குழு கொதித்தது:
போலீசுக்குப் போ, பெயரை வெட்டு,
நற்கருணைக்கு அவனைச் சேர்க்காதே.
முதலில் தட்டியது என் விரல்.

விடிகாலை ஐந்தரைக்குச் சாவியோடு போனேன்.
கைலியை மடித்துக் கட்டி ஆயர் முழங்காலில் இருந்தார்.
ஜெபம் என்று நினைத்தேன்.
கம்பி கம்பியாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
மாடியில் தூங்கிய கடைக்காரரை எழுப்பி
நாலு டின் தின்னரும் பிரஷ்ஷும் வாங்கியிருக்கிறார்.
சூராவில் பாங்கு ஒலித்தது. முதல் கொமுட்டர் போயிற்று.
"அந்தத் துணியை எடுங்க" என்றார்.
எடுத்தேன்.

எட்டரை ஆராதனையில் எல்லாரும் காத்திருந்தோம்:
நிலைக்கால், இரத்தம், கடந்துபோகும் சங்காரம்.
கையெட்டும் தூரத்தில் தொங்கிய பிரசங்கம்.
அவர் அதைத் தொடவில்லை.
அந்த ஞாயிற்றுக்குக் குறித்த பாடத்தையே வாசித்தார்,
மூன்றாவது கருத்தில்
கண்ணாடியைத் துடைத்தார்.

பந்திக்குக் கடைசியாக வந்தான் எட்வின்.
அவனுக்கு முன்னால் போகப் பிடிக்காமல்
நானும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.
ஆகவே பக்கத்தில் பக்கத்தில் முழங்கால்.
எங்கள் ஒழுங்குப் புத்தகத்தில் "உங்களுக்காக" என்றிருக்கும்.
பன்மை. வரிசைக்கு ஒரு தடவை போதும்.
ஆயர் அவன்முன் நின்று
"உனக்காக" என்றார்.
பிறகு என்முன் நின்றார்.
அப்பத்தில் தின்னர் வாடை.
நகக்கண்ணில் சிவப்பு.
ஒன்பது வருஷம் மூத்தவன் நான்;
அதற்கு முன்னும் பின்னும் என்னை அவர்
நீ என்று சொன்னதே இல்லை.
"உனக்காக" என்றார்.

அங்கியைக் கழற்றும்போது ரசீதை நீட்டினார்.
எந்தத் தலைப்பில் எழுத, என்று கேட்டேன்.
பராமரிப்பு என்றால் ஏன் என்பார்கள்,
எட்வின் பெயர் கூட்டக் குறிப்பில் ஏறும்.
கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.
"பூ" என்றார்.
அன்றைக்குப் பீடத்தில் இருந்தது பிளாஸ்டிக் அல்லி,
அதுவும் போன ஈஸ்டருடையது.

கடன் தீர்ந்ததா, தெரியாது.
டிசம்பருக்குப் பிறகு எட்வின் வரவில்லை.
ஜனவரியில் ஆயரைத் தைப்பிங்குக்கு மாற்றினார்கள்.
ரேடியேட்டர் தாப்பாவில் மறுபடி கொதித்ததாம்.
கீல் பக்கம் ஒரு விரல் அகலம்
சிவப்பு இன்னும் போகவில்லை; மழையில் நன்றாகத் தெரியும்.

நாற்பத்தாறு ஐம்பதை நான் கட்டிவிடுகிறேன், தங்கச்சி.
வட்டமும் இருக்கட்டும்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
அடிக்காதே.